பூச்சுக்கு அடியில் இருந்த எண்

விமானக் கூடத்தைப் பெருக்கும் அக்காதான் இதை முதலில் சொன்னார்: “ஆய்வாளர் இன்னிக்கு மெக்கானிக் வயித்துல அடிக்கப் போறாரு!”

இருவர் மட்டுமே அமரக்கூடிய அந்தச் சிறு விமானத்தின் வாலருகே, சுக்கானைத் தாங்கும் கீலைப் பார்த்தபடி ஆய்வாளர் மண்டியிட்டிருந்தார். பக்கத்தில் மெக்கானிக், சற்றுத் தள்ளி மற்றவர்கள். ஆய்வாளர் வந்துவிட்டால் அங்கே பேச்சு நின்றுவிடும். தேநீர் வேளையிலும் அவர் மேசையில் ஒரே ஒரு கோப்பைதான்.

“இந்தக் கீல் எங்க வாங்கினது?”

“கடையிலதான் சார். புதுசு. சான்றிதழ்கூட இருக்கு.”

“புதுசுக்கு எதுக்கப்பா ரெண்டு பூச்சு பெயின்ட்?”

தின்னரில் நனைத்த துணியால் ஆய்வாளர் அழுத்தித் தேய்த்தார். பெயின்ட் உரிந்தது. அடியில் மயிரிழை போல ஒரு விரிசல். அதனருகே அரத்தால் ராவி அழித்த எண், அரைகுறையாக.

“பழைய சாமான். பெயின்ட் அடிச்சு உன் தலையில கட்டியிருக்கான்.”

“சத்தியமா தெரியாது சார். லைசன்ஸ் போச்சுன்னா பிள்ளைங்களோட நடுத்தெருவுலதான் நிக்கணும்.”

“நடுவானத்துல இது உடைஞ்சா, ஓட்டுறவன் எந்தத் தெருவுல போய் நிப்பான்?”



ஆய்வாளர் தம் அறைக்குப் போய், கழித்துப் போட்ட பாகங்களின் பழைய பதிவேடுகளை இறக்கினார். வெளியே யாரோ, அவர் காதில் விழும்படியே சொன்னார்: “வீட்டுல சண்டை போட ஆளில்ல. அதான் நம்மகிட்ட வந்து தீர்த்துக்கிறாரு.”

அவர் நிமிரவில்லை. எண் அகப்பட்ட பக்கத்தில் விரலை வைத்து, தேதியையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவிக்கு மூச்சு முட்டுகிறதென்று மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்த நாள் அது.

பிறகு அறிக்கை எழுதினார்.

“உள்ள வாப்பா. படிச்சுப் பார்த்துட்டுச் சாட்சிக் கையெழுத்துப் போடு.”

மெக்கானிக் தாளை வாங்கினார்.

‘சான்றிதழ் போலி, எனினும் எவரையும் ஏமாற்றக்கூடியது. மெக்கானிக் மீது குற்றமில்லை. கழிக்கும் பாகத்தை இரண்டாக அறுத்த பின்னரே குப்பையில் போட வேண்டும் என்பது விதி. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் இக்கீலைக் கழித்தவர், அதை அறுக்காமல் விட்டுச் சென்றார். அதனாலேயே இது மீண்டும் விலைக்கு வந்தது.’

மெக்கானிக்குக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது.

“யார் சார் அந்தப் பொறுப்பில்லாத ஆளு? அவனைச் சும்மா விடாதீங்க!”

“விடலப்பா. மறுபக்கம் பாரு.”

திருப்பினார்.

‘பொறுப்பாளி’ என்ற கட்டத்தில் ஆய்வாளர் தம் பெயரையே எழுதியிருந்தார். ‘காரணம்’ என்ற கட்டத்தில் ஒன்றுமே எழுதவில்லை.