பறக்கும் குதிரைக்காரி

பறக்கும் குதிரையிலிருந்து குதித்த படைத்தலைவி, இளவரசியை மார்போடு சேர்த்து அணைத்தாள் என்று சௌந்திரம் பத்திரிகையைப் பார்த்துப் படித்ததும், ஜவ்வரிசி செய்யும் சேகோ மில்லில் குச்சிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த அத்தனை கத்தியும் நின்றது.

கந்தம்மாளுக்குக் காது கதையில் இருந்தது. கண் வேறு வேலையில் இருந்தது.

எட்டாவது வரை போனவள் என்பதால் வாராவாரம் தொடர்கதை படிப்பது சௌந்திரத்தின் பொறுப்பு. அவள் பங்குக் கிழங்கை மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாக உரித்துவிட வேண்டும்.

ஆளுக்குக் கொஞ்சம் என்பதெல்லாம் பேச்சுக்கு. முக்கால்வாசி பாவாயிதான் உரித்தாள். கந்தம்மாள் இதுவரை ஒரு கிழங்கைக் கூடத் தொட்டதில்லை.

எமர்ஜென்சிக்கு நாடே வாயை மூடிக்கொண்டிருந்தது. கந்தம்மாளின் வாய் மட்டும் மூடவில்லை. எந்த வீட்டுச் சண்டையும் அவளைத் தாண்டித்தான் தெருவுக்கு வரும்.

இந்தச் சங்கதிதான் இன்னும் கைக்குச் சிக்கவில்லை. பக்கத்தைப் புரட்டாமலே சௌந்திரத்தின் கதை ஓடுகிறது. போன வாரம் இளவரசி தலையில் மருக்கொழுந்து. பாவாயி தலையிலும் மருக்கொழுந்து. இன்றைக்கு இருவர் தலையிலும் கனகாம்பரம்.

கதையில் இருவரும் மாலை மாற்றிக்கொண்டதும், பக்கத்தில் உரித்துக்கொண்டிருந்த அங்கம்மாள்தான் கந்தம்மாளிடம் கேட்டாள். "ஏனுங்க்கா, பொம்பளையும் பொம்பளையும் மாலை மாத்திக்குவாங்களா? நெசமாலுமே புக்குல அப்படியா போட்டிருக்குது?"

"இங்க குடு அம்மிணி, நான் பாக்கறேன்." கந்தம்மாளுக்கும் எழுத்துக்கூட்டிப் படிக்க வரும்.

சௌந்திரம் கொடுக்கவில்லை. கந்தம்மாள் பிடுங்கினாள். பாவாயியின் கத்தி கிழங்கை விட்டு விரலைக் கீறியது.

பாதிப் பக்கத்துக்குப் படம். இளவரசியை அணைத்துக்கொண்டு நின்றவனுக்கு எருமைக்கொம்பு போல மீசை.

வாயைத் திறந்தால் போதும். சாயங்காலத்துக்குள் சேந்தமங்கலம் முழுக்கப் பரவும். சௌந்திரத்துக்கு மில் வாசல் மூடிவிடும். பாவாயிக்குத் தை பிறப்பதற்குள் எவனையாவது பிடித்துக் கட்டிவைத்துவிடுவார்கள்.

"ஆமா, அப்படித்தான் போட்டிருக்குது" என்றாள் கந்தம்மாள். "மாலை மாத்தி, குதிரையேறிப் போயிட்டாங்களாம்."

"படத்தைக் காட்டுங்க்கா."

கந்தம்மாள் பத்திரிகையை மூடி, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். "கையெல்லாம் கிழங்குப் பாலு. புக்கு என்னத்துக்காகும்?"



அங்கம்மாள் விடுவதாக இல்லை. "அந்தக் குதிரைக்காரிக்குப் பேரு என்னங்க்கா? இத்தனை வாரமா இந்தப் புள்ள சொல்லவே இல்ல பாருங்க."

கந்தம்மாள் சௌந்திரத்தின் கூடையைத் தன் பக்கம் இழுத்தாள். ஒரு கிழங்கை எடுத்து உரிக்கத் தொடங்கினாள்.

"மாரக்காள்" என்றாள்.

மில்லில் மாரக்காள் என்று யாரும் இல்லை. மில் திறந்த புதிதில் ஒருத்தி இருந்தாள். மேட்டூரில் மாப்பிள்ளை பார்த்துக் கட்டிக்கொடுத்தார்கள். அந்தக் கல்யாணப் பந்தியில் கந்தம்மாள் ஒரு வாய் சாப்பிடவில்லை.

யாரும் அதைக் கவனிக்கவில்லை. ஊரில் இதையெல்லாம் கவனிக்கிறவள் அவள் ஒருத்திதானே.