இருபத்தைந்தாவது தட்டு

"நாப்பது டாலர், டுவேன். இன்னிக்கு அஞ்சையும் சேத்து" என்றாள் வெர்னா, மடியிலிருந்த புள்ளிக் கணக்கு அட்டையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

"அடுத்த சனிக்கிழமை மொத்தத்தையும் உன்கிட்டருந்து திருப்பி வாங்குறேன் பாரு."

"எட்டு சனிக்கிழமையா இதே பாட்டுதான்."

துப்பாக்கிச் சங்கத்தை நடத்துகிறவள் வெர்னா. அவளுக்கும் டுவேனுக்கும் வாராவாரம் ஐந்து டாலர் பந்தயம். வானத்தில் பறக்கவிடுகிற இருபத்தைந்து மண் தட்டுகளையும் தன் மகள் ரேலின் ஒன்று விடாமல் சுட்டு உடைப்பாள் என்று அவன் கட்டுவான். வாராவாரம் இருபத்துநாலு உடையும். கடைசித் தட்டு மட்டும் முழுசாகப் பறந்துபோய்ச் சோளக்காட்டில் விழும்.

"அது சாதாரணப் பொண்ணு இல்ல, தெரியும்ல. பதினாறு வயசு. பள்ளிக்கூடம் முடிக்கிறப்பவே ரெண்டு வருசக் கல்லூரியும் முடிச்சிரும். வேதியியல்ல வகுப்புக்கே முதல். கூடப் படிக்கிறவனுக்கெல்லாம் தாடி இருக்கு."

"இதையும் எட்டு வாரமாக் கேட்டாச்சு. உம் மக பேரு மறந்தாலும் அவ மார்க்கு எனக்கு மறக்காது."

அதற்குள் அந்தப் பக்கம் ஒரே கூச்சல். செம்பட்டைத் தலை ட்ரெவிஸ் முதல் தடவையாக இருபத்தைந்தையும் உடைத்துவிட்டான்.

சங்கத்தில் ஒரு வழக்கம். முதல் தடவை இருபத்தைந்தும் உடைக்கிறவர் தலையில் அப்போது எந்தத் தொப்பி இருக்கிறதோ, அதைப் பிடுங்கி மேலே வீசுவார்கள். மற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து அதைச் சுட்டுச் சல்லடை ஆக்கி, வேலியில் ஆணி அடித்து மாட்டிவிடுவார்கள். அப்படி மாட்டிக்கொள்வதுதான் அங்கே பெருமை.

"போன வாரந்தான் எங்கம்மா வாங்கிக் குடுத்துச்சு" என்றான் ட்ரெவிஸ், வேலியில் தொங்கிய தன் தொப்பியைப் பார்த்து.

"இப்ப நல்லாக் காத்தோட்டமா இருக்கும்டா" என்றான் ஒருவன்.

டுவேனும் சிரித்துக்கொண்டே தன் வண்டிப் பக்கம் வந்தான். பின்பலகையில் உட்கார்ந்து ரேலின் வேதியியல் புத்தகத்தைப் பிரித்து வைத்திருந்தாள். தலையில் வெயிலில் வெளுத்த பச்சைத் தொப்பி. நெற்றிப் பக்கத்தில் மஞ்சள் நூலில் ஏதோ எழுத்து. சனிக்கிழமை தவறாமல், வண்டியை விட்டு இறங்கியதும், டுவேன் தன் கையாலேயே அதை அவள் தலையில் வைத்து இரண்டு தட்டு தட்டி அனுப்புவான். அவன் சாமி கும்பிடுகிறது அவ்வளவுதான்.

"கண்ணு, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காத. கடைசித் தட்டு வர்றப்ப உனக்குக் கண்ணு அசந்துருது. ராவெல்லாம் படிப்பு. விடிஞ்சாக் கல்லூரிக்கு வண்டி ஓட்டுற. எங்கருந்து தெம்பு வரும்?"

"அசதியெல்லாம் இல்லப்பா."

"அடுத்த மாசம் மாநிலப் போட்டி. அதுவரைக்கும் கல்லூரிய விட்டுரு. திங்கக்கிழமை நானே வந்து பேரை எடுத்துடறேன்."

"நடுவுல விட்டா இந்த வருசம் படிச்சது பூரா வீண்ப்பா."

"அப்பத் துப்பாக்கிய வை. ரெண்டுல ஒண்ணு. உடம்ப ஒடச்சுக்கிட்டா அப்புறம் அது ஒட்டாது. மூட்ட தூக்குனவன் சொல்றேன்."

அவன் குரல் உயரவில்லை. அதனாலேயே ரேலினுக்குப் பயமாக இருந்தது. கத்துகிற அப்பா என்றால் சமாதானம் சொல்லலாம். இது முடிவு பண்ணிவிட்ட குரல்.

அவள் புத்தகத்தை மூடினாள்.

"இன்னொரு சுத்து சுடறேன். இருபத்தஞ்சும் ஒடச்சிட்டா, ரெண்டுல எதையும் விடச் சொல்லக் கூடாது."

"ஒடைக்கலன்னா?"

"திங்கக்கிழமை நீங்க வாங்க."

அவன் தலையாட்டினான்.

துப்பாக்கியை எடுத்துக்கொண்டு நாலு எட்டு போனவள் திரும்பி வந்தாள். தொப்பியைக் கழற்றி அவன் இரண்டு கையிலும் வைத்தாள்.

"வச்சிருங்கப்பா. வேர்க்குது."

பிறகு வெர்னாவிடம் போய், "ஆன்ட்டி, உங்க தொப்பியக் கொஞ்சம் தர்றீங்களா?" என்றாள்.

வெர்னா அவளைப் பார்த்தாள். தூரத்தில் தொப்பியும் கையுமாக நிற்கிற டுவேனைப் பார்த்தாள். டயர் கடையில் ஓசியில் கொடுத்த தன் சிவப்புத் தொப்பியைக் கழற்றி நீட்டினாள்.

"விடு" என்றாள் ரேலின். தட்டு பறந்தது, தூளானது. "விடு." தூள். "விடு." தூள். பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். டுவேன் எண்ணவில்லை. எண்ணினால் தன் கண்ணே பட்டுவிடும் என்று மகளுடைய தோளை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றான்.

"விடு."

இருபத்தைந்தாவது தட்டு சோளக்காட்டுக்குப் போய்ச் சேரவில்லை.

ஓடிவந்து அவளைத் தூக்கினார்கள். சிவப்புத் தொப்பி மேலே போனது. ஏழெட்டுத் துப்பாக்கி ஒன்றாக வெடித்தது. கந்தலாக விழுந்ததைப் பொறுக்கிக்கொண்டு வெர்னா டுவேனிடம் வந்தாள்.

"இந்தச் சுத்துக்கு நாம பந்தயம் கட்டல. அந்த நாப்பது டாலரையும் கணக்குலருந்து அடிச்சிட்டேன். நீ தர வேணாம்."

"அதெப்படி? தோத்தது தோத்ததுதான். சம்பளம் வந்ததும் குடுத்துடறேன்."

"குறி தப்பினாத்தான்யா பந்தயக் காசு. வேணும்னே வானத்தச் சுட்டதுக்கு நான் எப்படி வாங்குறது?"

"வேணும்னேவா? எட்டு வாரமா? எதுக்கு?"

வெர்னா மோவாயால் அவன் கையைக் காட்டிவிட்டு, தன் தொப்பியை வேலியில் மாட்டப் போய்விட்டாள்.

டுவேன் குனிந்து பார்த்தான்: ஒரு பொத்தல்கூட விழாத அந்தப் பச்சைத் தொப்பியில், அவன் வாழ்நாளில் வாங்கிய ஒரே பரிசில், மஞ்சள் நூல் பிரியாமல் அப்படியே இருந்தது: 'தானியக் கிடங்கில் இருபது வருட உழைப்புக்கு நன்றி, டுவேன்.'