அட்மினிஸ்ட்ரேட்டர்னு போட்டிருக்கா?

"சார், அந்தக் கறுப்பு விண்டோவுக்கு மேல என்ன எழுதியிருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க."

கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்துவிட்டது, எடுத்துத் தருகிறேன் என்று கூப்பிட்டவனின் குரல், ஸ்பீக்கரில் போட்டிருந்த செல்போனில் பணிவாகத்தான் வந்தது. மேனேஜர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் அவருக்கு மேனேஜர் என்றுதான் பெயர். அவரும் அதை மறுத்ததில்லை.

"'கமாண்ட் ப்ராம்ப்ட்'னு இருக்கு தம்பி."

"அதுக்கு முன்னாடி 'அட்மினிஸ்ட்ரேட்டர்'னு ஒரு வார்த்தை இருக்கணுமே. போட்டிருக்கா?"

போட்டிருக்கவில்லை. எப்படிப் போட்டிருக்கும்? இலவசப் பரிசு என்று வந்த எதையோ அமுக்கி அவர் கம்ப்யூட்டரைப் படுக்க வைத்த அன்றே, மனைவி அட்மின் உரிமையைத் தன் பெயருக்கு மாற்றி, பாஸ்வேர்டும் போட்டுவிட்டாள். அதில் ஒரு சீட்டு விளையாட்டு ஏற்ற வேண்டுமென்றாலும் அவளைத்தான் கேட்க வேண்டும். ஆபீஸையே ஆட்டிப் படைத்த மனிதர் இதை வெளியே சொல்லிக்கொள்ள முடியுமா?

"இருக்கு, இருக்கு. இந்த வீட்டுல என்னை விட்டா வேற யாரு அட்மின்?" என்றார்.

"ரொம்ப நல்லது சார். வைரஸ் உங்க பேங்க் கணக்குப் பக்கமா போயிட்டிருக்கு. நான் சொல்றதை மடமடன்னு டைப் பண்ணுங்க."

மேனேஜர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஓய்வுப் பணம் மொத்தமும் அந்தக் கணக்கில்தான் கிடக்கிறது. அது போய்விட்டால் மனைவி முகத்தில் எப்படி விழிப்பது? ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார்.

"என்ன சார் வருது?"

"'அக்சஸ் டினைட்'னு வருது. அனுமதி இல்லையாம்."

"எழுத்து ஏதாவது மாறியிருக்கும். மறுபடி அடிங்க."

மறுபடி அடித்தார். மறுபடியும் அனுமதி இல்லை. வேறொன்று சொன்னான், அதற்கும் இல்லை. மதியத் தூக்கம் போய், காப்பி நேரமும் போய்விட்டது.

"சார், தப்பா நினைக்காதீங்க. நிஜமாவே அட்மினிஸ்ட்ரேட்டர்னு போட்டிருக்கா?"

"என்ன தம்பி, என்னையே சந்தேகப்படறியா? நான் எத்தனை பேருக்கு அனுமதி குடுத்தவன் தெரியுமா?"

"ஐயோ, கோவிச்சுக்காதீங்க சார். இன்னிக்கும் ஒரு கேஸ் முடிக்கலன்னா என் சீட்டைக் கிழிச்சிடுவாங்க."

மேனேஜருக்குப் பாவமாகிவிட்டது. முன்பின் தெரியாத ஒருத்தரின் பணத்துக்காக இந்தப் பிள்ளை என்ன பாடு படுகிறது. இந்தக் காலத்தில் இப்படி யார் இருக்கிறார்கள்?

வாசல் கதவு திறந்தது. மனைவி வேலை முடிந்து வந்துவிட்டாள். ஏதோ ஒரு கம்பெனியில், போனில் பேசுகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற உத்தியோகம் அவளுக்கு. கெட்டிக்காரி என்று அங்கே நல்ல பெயர்.

"யார்கிட்ட பேசிட்டிருக்கீங்க?"

இனி மறைத்துப் பயனில்லை. "வைரஸாம். பேங்க் கணக்கைக் காலி பண்ணிடுமாம். இந்தத் தம்பிதான் உசிரைக் குடுத்து எடுத்துட்டிருக்கார். அனுமதிதான் வர மாட்டேங்குது. நீ அந்தப் பாஸ்வேர்டைக் கொஞ்சம் போட்டேன்னா..."

"ஹலோ சார், லைன்ல இருக்கீங்களா?" என்றது செல்போன்.

அந்தக் குரலைக் கேட்டதும் அவள் முகம் சிவந்துவிட்டது. போனைப் பிடுங்கினாள். தனக்கு விழ வேண்டிய திட்டு அந்த அப்பாவிக்கு விழப்போகிறதே என்று மேனேஜர் பதறினார்.

"ஏம்ப்பா, காலையில வகுப்புல நான் என்ன சொல்லிக் குடுத்தேன்?"

மறுமுனை திணறியது. "மேடம்... நீங்களா?"

"வாயால கேக்காதே, கமாண்டை அடிக்கச் சொல்லி செக் பண்ணுன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே. 'அட்மினா'ன்னு கேட்டா எந்தப் புருஷன் 'இல்லை'ன்னு சொல்லுவான்?"