விரிசலின் மேல் கண்ணாடி

பழைய பள்ளிவாசலின் குவிமாடத்துக்குள், சாரத்தின் உச்சிப் பலகையில், கொத்தனாரும் அவர் மனைவியின் தம்பியும் மண்டியிட்டிருக்கிறார்கள். பாங்கு சொன்ன நேரத்தில், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மாமனாரின் தோளில் சுண்ணாம்புத் தூள் உதிர்ந்தது. அதைப் பார்த்துத்தான் இருவரும் மேலே ஏறினார்கள். ஏறி முடிப்பதற்குள் கீழே வெள்ளிக்கிழமைத் தொழுகை தொடங்கிவிட்டது. மாடத்து விரிசலின் குறுக்கே விரல் நீளக் கண்ணாடித் துண்டுகள் இரண்டைக் கொத்தனார் சில நாள் முன்பே சாந்து வைத்துப் பதித்திருக்கிறார். மாடம் அசைந்தால் முதலில் கண்ணாடிதான் உடையும். சன்னலின் வண்ணச் சில்லு வழியே வரும் வெயில் முதல் துண்டில் பச்சையாக விழுகிறது. அதன் நடுவே மயிரிழை போல ஒரு கோடு. கொத்தனார் எச்சில் தொட்டுத் துடைக்கிறார். கோடு போகவில்லை.

"மச்சான், கண்ணாடி விட்டுப்போச்சு. கீழ அப்பா நிக்கிறாரு, கத்திடவா?" தம்பி காதோடு காதாகக் கேட்கிறான்.

"இருக்கறது ஒரே வாசல்டா. மிதிபட்டே செத்துடுவாங்க."

சொன்ன பிறகுதான் கொத்தனார் தன் வாயைப் பொத்திக்கொள்கிறார். இமாமின் மெல்லிய குரலும் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர வேண்டும் என்றே வளைத்துக் கட்டிய மாடம் இது. கிசுகிசுப்பு சுவரோடு சுவராக வழுக்கிக் கீழே இறங்குகிறது. ஓதும் குரல் பாதி வசனத்தில் நிற்கிறது. கீழே தொழுகிறவர்களின் கட்டிய கைகள் கட்டியபடியே இருக்கின்றன. ஒரு தலையும் நிமிரவில்லை. அந்த அமைதியில், இரண்டாவது கண்ணாடி உடைவது எல்லோருக்கும் கேட்கிறது.