மோல்மேன்காரி

அந்த ஆள் இந்த ஞாயிறும் வந்துவிட்டான்.

ஆக்லாந்தின் ஏவன்டேல் சந்தையில் கூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. பங்கஜம் கீரைக் கட்டுகளுக்குத் தண்ணீர் தெளிப்பதுபோலக் குனிந்துகொண்டு, ஓரக்கண்ணால் அவனை அளந்தாள்.

முப்பது வயதிருக்கும். ஒட்ட வெட்டிய முடி. துடைத்துப் பளபளக்கும் ஷூ. சந்தைக்கு யார் இப்படி வருவார்கள்?

கீரையைப் பார்க்க வேண்டியவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பக்கத்து மேசையில் கத்தரிக்காய் விற்கும் ரதிதேவி, யாழ்ப்பாணத்துக்காரி, கிட்ட வந்து குசுகுசுத்தாள்.

"அக்கா, உந்த ஆள் போன கிழமை உங்களைப் பற்றி என்னட்ட விசாரிச்சவர். பர்மாவோ எண்டு கேட்டார். இல்லை, மெட்ராஸ் எண்டு சொல்லிப்போட்டன். சரிதானே?"

சரிதான் என்று பங்கஜம் தலையாட்டினாள்.

ஆக்லாந்துக்கு வந்ததிலிருந்து யார் கேட்டாலும் மெட்ராஸ் என்றுதான் சொல்லிவந்தாள். மெட்ராஸை அவள் கண்ணால் கண்டதில்லை. பிறந்தது, வாழ்க்கைப்பட்டது, தாலியை இழந்தது எல்லாம் பர்மாவில், சால்வின் ஆறு கடலில் விழுகிற மோல்மேன் ஊரில்.

எண்பத்தெட்டில் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். பட்டாளம் சுட்டது. சுட்டது போக மிச்சப் பேரை அள்ளிக்கொண்டு போனது.

அவள் எல்லை தாண்டினாள். தாய்லாந்து முகாமில் கிடந்தாள். ஓடிப்போனவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று அறிய அரசாங்கம் வெளிநாட்டுக்கும் ஆள் அனுப்புமாம், பேசியது தெரிந்தால் அங்கே சிறையில் கிடப்பவர்களை வதைக்குமாம் என்று முகாமில் பேச்சு.

அங்கே அவளுக்கு ஓர் உயிர் கிடந்தது. அதனால்தான் மெட்ராஸ்.

இந்தப் புளிச்சகீரையைக் கொண்டுவந்திருக்கவே கூடாது. ஊருக்கு வெளியே புக்கெகோஹியில் அவள் வெங்காயம் தரம்பிரிக்கும் தோட்டத்தில், முதலாளி விட்டுக்கொடுத்த கண்ணாடிக் கொட்டகையின் மூலையில் அதைப் போட்டிருந்தாள். அது இல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது. மிஞ்சியதை விற்கலாமே என்று ஓர் ஆசை. பர்மாக்காரன் எங்கே இருந்தாலும் இந்தக் கீரையை மோப்பம் பிடித்து வருவான் என்று தெரியாதா? நுணலும் தன் வாயால் கெடும்.

அவன் ஒரு கட்டைக் கையில் எடுத்தான். இங்கிலீஷில் கேட்டான்.

"நீங்கள் மியன்மாரா?"

மியன்மார்.

பட்டாளம் யாரையும் கேட்காமல் நாட்டுக்கு வைத்த பேர். முகாமில் ஒருத்தர்கூட அதைச் சொன்னதில்லை. இங்கிலீஷ் பேசினாலும் பர்மா என்பார்கள், ரங்கூன் என்பார்கள். ஆட்சியை ஏற்காதவன் ஆட்சி வைத்த பேரை ஏற்பானா?

இவன் வாயில் அது தடங்கல் இல்லாமல் வந்தது.

"இந்தியா," என்றாள்.

அவன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுப் பர்மிய மொழிக்கு மாறினான். மோல்மேனிலிருந்து வந்த ஒரு தமிழ் அம்மாளைத் தேடுகிறேன் என்றான். பேர் பங்கஜம். புருஷன் துணிக்கடை வைத்திருந்தவர். மேட்டுப் பகோடாவுக்கு ஏறும் படிக்கட்டுக்குப் பக்கத்தில் வீடு.

எல்லாமே சரியாக இருந்தது. அதுதான் குலை நடுக்கியது. இவ்வளவையும் ஒருவன் தெரிந்துவைத்திருக்கிறான் என்றால், யாரையோ அடித்துத்தான் கறந்திருக்க வேண்டும்.

முகத்தைக் கல்லாக்கிக்கொண்டாள். ஒன்றும் புரியவில்லை என்று கையை விரித்தாள்.

அவன் முகம் விழுந்துவிட்டது. கீரைக்குக் காசு கொடுத்தான். போகத் திரும்பியவன் நின்றான். மறுபடி இங்கிலீஷில், தமிழ் தெரியுமல்லவா, ஓர் உதவி செய்ய வேண்டும் என்றான்.

அவன் பர்மாவில் சிறையில் இருந்தவனாம். பக்கத்து அறைக்காரனின் முகத்தை ஒருநாளும் பார்த்ததில்லையாம். சுவர் வழியாகத்தான் பேச்சு. தான் விடுதலையாகி வரும்போது பக்கத்து அறைக்காரன் இன்னும் உள்ளேதான் இருந்தானாம். தன் அம்மாவிடம் சொல்லச் சொல்லித் தமிழில் ஒரு வரி சொல்லிக்கொடுத்தானாம்.

"சரியாகச் சொல்கிறேனா என்று மட்டும் பாருங்கள்."

இதுவும் தூண்டில்தான் என்று பங்கஜம் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அவன் பள்ளிப் பிள்ளைபோல நிமிர்ந்து நின்று சொன்னான்.

"தவலப்படாத அம்மா. நான் நல்லா இருத்தேன்."

ரதிதேவிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "தவலையோ? அது பாத்திரமெல்லே! கவலை எண்டு சொல்லும் தம்பி. இருக்கேன். க, க!"

அவன் பதறிப்போய்த் தலையை ஆட்டினான். இல்லை, அவன் இப்படித்தான் சொன்னான் என்றான். ஓர் ஒலிகூட மாறிவிடக் கூடாதென்று இத்தனை வருஷமும் தினமும் சொல்லிப் பார்த்துக்கொண்டு வருகிறேன் என்றான்.

பங்கஜம் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். இடுப்பு இடித்துக் கீரைக் கட்டுகள் தரையில் சரிந்தன. அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"சரியாத்தான் சொல்ற," என்றாள், பர்மிய மொழியில், சந்தைக்கே கேட்கும்படி. "மாத்தாதே. எதையும் மாத்தாதே."

ரதிதேவி குனிந்து, சரிந்த கட்டுகளைப் பொறுக்கினாள்.

எத்தனை வசம்பு உரசி அந்த நாக்கில் தடவியிருப்பாள். கூழாங்கல்லை வாயில் போட்டுக்கொண்டு பேசச் சொல்லியிருப்பாள். பள்ளிக்கூடத்தில் சிரித்தார்கள், கல்லூரியிலும் சிரித்தார்கள். 'க' கடைசிவரை வரவே இல்லை. பட்டாளம் வாசலில் வந்து நின்று பேர் கேட்டபோதுகூட, அவள் மகன் கோதண்டராமன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான்.

"தோதண்டராமன்."