நாலாந்தரமும் நின்ற வைப்பர்

"திருத்தினதாம் திருத்தினது! இது நிண்டது நாலாந்தரம் தம்பி, நாலாந்தரம்!"

வங்களாவடிச் சந்திக்கே கேட்குமாப்போல் கத்திக்கொண்டுதான் சுலோஜனா காரைவிட்டு இறங்கினா. பின்னால் அவவின் புருசன் நீலகண்டன், நனைந்த கோழி மாதிரி. அவர்களுடைய பழைய மொறிஸ் மைனரின் கண்ணாடியில் கார்த்திகை மழை வழிந்துகொண்டிருந்தது. வைப்பர் இரண்டும் அசையவில்லை.

மெக்கானிக் சில்வெஸ்ரரின் முகம் சுண்டிப்போச்சு. கரம்பொனிலிருந்து வேலணைக்கு வந்து கராஜ் போட்டு எட்டு மாசம்தான். இப்போதுதான் கொஞ்சம் பேர் எடுக்கிறான். அதுவும் இந்த நேரம் பார்த்துக் காரைநகர் அப்புத்துரை வாசல் வாங்கில் குந்தியிருக்கிறார். தன்னுடைய மூன்று வான் வண்டிகளையும் இவனை நம்பி விடலாமோ என்று பார்க்க வந்த மனிசன்!

"அக்கா, போன கிழமை நீங்களே போட்டுப் பாத்துத்தானே கொண்டுபோனீங்கள்?"

"இஞ்ச ஓடும். வீட்டை போய் விடிஞ்சால் நிண்டிடும். வைப்பர் இல்லாட்டில் இந்த மனிசனுக்குக் கண்ணாடியில பூசப் புகையிலை வேணுமாம்!"

மழைக்குப் புகையிலையால் கண்ணாடியைத் தேய்த்தால் தண்ணீர் ஒட்டாமல் வழுகி ஓடும். பழைய கார்க்காரரின் கைவைத்தியம் அது.

"இவருக்கு வாயில வெள்ளையாப் படர்ந்ததை வெட்டியெடுத்து ஆறு மாசம். இனிப் புகையிலை பட்டால் தாடையே போயிடும் எண்டவர் டொக்டர். அந்தக் கண்டறியாத இலையைக் காருக்குள்ள வைச்சுக்கொண்டு நான் எப்பிடி நித்திரை கொள்ளுறது?"

அப்புத்துரை தொண்டையைச் செருமிக்கொண்டு எழும்பினார். "நான் பிறகு வாறன் தம்பி."

"ஐயா, பத்து நிமிசம் இருங்கோ! பிழை என்னெண்டு உங்களுக்கு முன்னாலயே காட்டுறன்."

காரைத் தகரக் கொட்டிலுக்குள் தள்ளிப் பொனற்றைத் திறந்தான். பியூஸ் நல்லது. பற்றறி நல்லது. மோட்டருக்கு நேரே கரண்ட் கொடுத்தால் வைப்பர் சுகமாக ஓடுகிறது. வயரைத் தடவிக்கொண்டு போனான். அட கடவுளே! நுனி கழன்று கிடந்தது. எரியவுமில்லை, உக்கவுமில்லை. ஆரோ கையால் கழற்றி மடித்து ஒளித்துவைத்திருக்கிறார்கள்.

டாஷ்போட் பெட்டியைத் திறந்தான். பேப்பரில் சுற்றின புகையிலைத் துண்டு. ஓரமெல்லாம் கிள்ளிக் கிள்ளி எடுத்த அடையாளம். சில்வெஸ்ரருக்கு எல்லாம் விளங்கிப்போச்சு.

நீலகண்டனைக் காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனான். "கண்ணாடிக்குப் பூசுறவர் இப்பிடியோ அண்ணை கிள்ளுவார்? வயரைக் கழட்டிப்போட்டு இலையைச் சப்புறீங்கள். உங்கட சுத்துமாத்துக்கு என்ரை பேரோ கிடைச்சது?"

"சப்பினது உண்மைதான் தம்பி. வெத்திலையோட ஒரு சின்னத் துண்டு." நீலகண்டன் கையெடுத்துக் கும்பிட்டார். "ஆனால் நயினாதீவு அம்மாளாணை, வயரில நான் கை வைக்கேல்லை. அது தானாப் பழுதாகுது. எனக்கு வசதியாப் போச்செண்டு பேசாமல் இருந்தனான். அவளுக்குச் சொல்லிப்போடாதையும்!"

சொல்லிவிட்டு எதிரே தேத்தண்ணிக் கடைக்கு ஒரே ஓட்டம்.

ஆணையாம், ஆணை! சில்வெஸ்ரருக்குப் பத்திக்கொண்டு வந்தது. அப்புத்துரைக்கு முன்னால் எல்லாத்தையும் போட்டுடைக்கிறது என்று முடிவெடுத்தான். அதற்கு முதல், இந்த இலை உண்மையிலேயே கண்ணாடிக்கு உதவுமோ என்று அதில் தேய்த்து, ஒரு கோப்பை தண்ணியை ஊற்றினான்.

தண்ணீர் வழுகவில்லை. அங்கங்கே ஒட்டிக்கொண்டு நின்றது.

அழுத்தித் தேய்த்தான். ம்ஹும். மணந்து பார்த்தான். புகையிலை மணம் கொஞ்சமும் இல்லை. நுனியைக் கடித்தான். பனங்கட்டி இனிப்பு!

"துப்பாதையும் தம்பி. அது காய்ஞ்ச பூவரசம் இலைதான்."

பக்கத்தில் சுலோஜனா. இவ்வளவு நேரமும் கத்தின குரல் இப்போது காதுக்குள் மட்டும் கேட்டது.

"கண்ணாடிக்கெண்டு இலை வாங்கிக் குடுக்கிறது நான்தான். முதல் கிழமை அரைவாசி கலந்தனான். பிறகு முக்கால்வாசி. இப்ப மூண்டு கிழமையா முழுக்கப் பூவரசம் இலை. பனங்கட்டிப் பாணியில ஊறப்போட்டு, உறைக்கிறதுக்குக் கொஞ்சம் மிளகு. களவாச் சப்புற சந்தோசத்தில மனிசன் கண்டுபிடிக்கேல்லை. மழையெண்டால் இஞ்ச வாறதைத் தவிரக் காரைக் கொட்டிலால எடுக்கிறதுமில்லை, உள்ளுக்கிருந்து சப்புறதுதான் வேலை. வைப்பர் ஓடினால் இலை வைக்கச் சாட்டில்லை. பிறகு கடையில உண்மையானதைத் தேடிப் போயிடுவார்."

"அப்ப வயரைக் கழட்டினது..."

"நான்தான். வந்து சண்டை பிடிக்காட்டில் அவருக்கு ஐமிச்சம் வந்திடும். அதுக்காக உம்மட பேரைக் கெடுத்துப்போட்டன்." அவவின் கண் கலங்கிவிட்டது. "நீர் அந்த ஐயாவுக்கும் இவருக்கும் உண்மையைச் சொல்லும். உமக்கும் பிழைப்பு இருக்குத்தானே."

நீலகண்டன் தேத்தண்ணிக் கோப்பையோடு பயந்து பயந்து வந்தார். அப்புத்துரை குடையும் கையுமாக நின்றார்.

"என்ன தம்பி, பிழை பிடிபட்டுதோ?"

சில்வெஸ்ரர் அந்த வயரை முதல் இருந்தபடியே மடித்து ஒளித்துவிட்டுப் பொனற்றைச் சாத்தினான்.

"இல்லை ஐயா. இது என்னால ஏலாது."

அப்புத்துரை குடையை விரித்துக்கொண்டு வெளிக்கிட்டார்.

சில்வெஸ்ரர் நீலகண்டனின் பக்கம் திரும்பினான். "அண்ணை, மழை முடியுமட்டும் நீங்கள் அந்தப் புகையிலையையே பாவியுங்கோ."