இரண்டாகக் கேட்கும் சுரம்

மாரெட்பள்ளி சர்ச் ஹாலின் சன்னல் வழியாக விழும் மாலை வெயில், கிதியோன் மடியில் இருக்கும் ட்யூபா என்ற பெரிய ஊதுகருவியின் அகன்ற பித்தளை வாயில் தேங்கி நிற்கிறது. ஹைதராபாத்தில் மேற்கத்திய செவ்விசைக் கச்சேரியோ ஜாஸ் நிகழ்ச்சியோ, ட்யூபாவுக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். போன வாரக் காய்ச்சலுக்குப் பிறகு அவருடைய வலது காதில் எந்தச் சுரமும் கொஞ்சம் இறங்கியே விழுகிறது. இடது காது பழையபடி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரியில் நான்கு நிமிடம் அவர் தனியாக வாசிக்க வேண்டும். பதினோரு வருடமாக அவரோடு பியானோ வாசிக்கும் எமி ஒரு கட்டையை அழுத்துகிறாள். அவர் மூச்சை இழுத்து அதே சுரத்தை ஊதுகிறார். நாற்காலியின் கால்கள் அதிர்கின்றன, பியானோ மேல் இருக்கும் அவள் மூக்குக்கண்ணாடி மெல்ல நகர்கிறது.

"சேருதா எமி?"

"ஹவ், சேருது. கைக்கு பயப்படறீங்க?" 'ஏன்' என்பதற்கு அவள் வாயில் எப்போதும் ஹைதராபாத் 'கைக்கு'தான்.

"எனக்கு ரெண்டா கேக்குது. எது நிஜம்னே தெரியல. வேற ஆளைக் கூப்பிடச் சொல்லிடவா?"

"நக்கோ, வேண்டாம். இன்னொரு தடவை ஊதுங்க."

அவர் ஊதுகிறார். இம்முறை எமி அதே கட்டையை மறுபடி அழுத்துகிறாள். பியானோவின் ஒலி அடங்கும்வரை கட்டையிலிருந்து விரலை எடுக்காமல் இருந்துவிட்டு, "சேருது" என்கிறாள். உண்மையைச் சொல்கிறாளா, அவர் மனம் நோகாமலிருக்கச் சொல்கிறாளா என்று அவருக்குப் புரியவில்லை. ட்யூபாவை இழுத்து அணைத்துக்கொண்டு, அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்குகிறார்.